8 வருடம் 4 மாதம் சர்வீஸ்: பென்ஷன் பணத்தை இப்போது எடுக்கலாமா?

கேள்வியின் சுருக்கம் இது. வயது 45. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக 8 வருடம் 4 மாதம் வேலை. மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலையை விட்டு நான்கு மாதம் ஆகிறது. பி.எஃப். பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் 1,25,000 ரூபாய் காட்டுகிறது. பேங்கில் 80,000 ரூபாய்க்கு நகை அடமானத்தில் இருக்கிறது. பென்ஷன் பணத்தை எடுத்து நகையை மீட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். கூட வேலை பார்த்தவர்கள் எடுக்காதே என்கிறார்கள். யார் சொல்வது சரி?

நான் 27 வருடம் நூற்பாலையிலும் அப்புறம் ஒரு ஏற்றுமதி கம்பெனியிலும் டைம் ஆபீஸில், அதாவது வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் பார்க்கும் பிரிவில், இருந்தவன். பி.எஃப். ஃபாரம் எழுதியே கை தேய்ந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எடுக்காதீர்கள். உங்கள் வயதில், உங்கள் சர்வீஸில், அது பெரிய நஷ்டம். நகையை மீட்க வேறு வழி உங்கள் பாஸ்புக்கிலேயே இருக்கிறது. ஆனால் இந்த பதில் எல்லோருக்கும் பொருந்தாது. உங்கள் மகளுக்கு 24 வயதாகி அவள் இதையே கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன். நாளைக்கு வீட்டில் பேசும்போது கணக்கோடு பேச முடிய வேண்டும்.

முதலில், அந்த 1,25,000 என்ன பணம்? உங்கள் சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்தார்கள். முதலாளியும் 12 சதவீதம் போட்டார். நீங்கள் போட்டது முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போகிறது. முதலாளி போட்டதில் 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்கும், மீதி 3.67 சதவீதம் உங்கள் பி.எஃப். கணக்குக்கும் போகிறது. பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய் உச்சவரம்பு. அதனால் மாதம் அதிகபட்சம் 1,250 ரூபாய்தான் பென்ஷனுக்குப் போகும். நூறு மாதம், 1,25,000. பாஸ்புக் சொல்வது அதைத்தான்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். பி.எஃப். பத்தியில் இருப்பது உங்கள் பெயரில் உள்ள பணம்; வருடா வருடம் வட்டி ஏறும். 2023-24, 2024-25 இரண்டு வருடத்துக்கும் 8.25 சதவீதம் கொடுத்தார்கள். பென்ஷன் பத்தியில் இருப்பது அப்படியில்லை. அது எல்லோருடைய சந்தாவும் சேர்ந்த ஒரு பொது நிதி. உங்கள் பெயரில் தனியாக ஒரு ரூபாயும் அங்கே இல்லை, வட்டியும் ஏறாது. பாஸ்புக்கில் தெரியும் எண், உங்களுக்காக இதுவரை எவ்வளவு கட்டினார்கள் என்ற குறிப்பு மட்டும்தான். உங்களுக்கு உரிமையாக இருப்பது சர்வீஸ். எத்தனை வருடம் சந்தா கட்டப்பட்டது என்பதை வைத்துத்தான் பென்ஷன் வரும்.

கம்பெனி மாறி பி.எஃப்.-ஐ டிரான்ஸ்ஃபர் செய்தவர்கள் புது பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, பணம் போயிற்றே என்று என்னிடம் ஓடி வருவார்கள். எதுவும் போகவில்லை. பி.எஃப். பணம் நகர்ந்தது, பென்ஷனுக்கு சர்வீஸ் நகர்ந்தது. சர்வீஸை ரூபாயாகக் காட்ட முடியாது என்பதால் பூஜ்யம்.

சரி, எடுத்தால் எவ்வளவு கிடைக்கும்? 10 வருடம் முடிக்காதவர்கள் 10சி படிவம் கொடுத்துப் பணமாக வாங்கிக்கொள்ளலாம். கட்டிய தொகையை அப்படியே திருப்பித் தர மாட்டார்கள். சர்வீஸுக்கு ஏற்ற ஒரு மடங்கை வைத்து சம்பளத்தைப் பெருக்கித் தருவார்கள். 8 வருடத்துக்கு அந்த மடங்கு 8.22. 15,000 சம்பளத்துக்கு 1,23,300 ரூபாய். முன்பு முழு வருடங்களை மட்டும் பார்த்தார்கள். 2024 ஜூனில் வந்த திருத்தத்துக்குப் பிறகு முடித்த மாதங்களையும் சேர்க்கிறார்கள் என்பதால் உங்களுக்குச் சில ஆயிரம் கூட வரலாம். எப்படிப் பார்த்தாலும் எட்டு வருடத்துக்குமுன் போட்ட முதல் சந்தாவுக்கும் சேர்த்து, போட்டதுதான் ஏறக்குறையத் திரும்ப வருகிறது.

எடுக்காமல் வைத்திருந்தால்? பென்ஷன் கணக்கு மிக எளிது. கடைசி 60 மாத சராசரிச் சம்பளம், அதை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 சம்பளம் என்றால் ஒரு வருட சர்வீஸ் மாதம் 214 ரூபாய் பென்ஷனாக மாறுகிறது. இந்த 214 என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் திட்டத்தின் நல்லதும் கெட்டதும் அதில் அடங்கிவிடும்.

ஏனென்றால் எந்த வயதில் சந்தா கட்டினாலும் ஒரு வருடத்துக்கு அதே 214தான். 25 வயதில் ஒரு பெண்ணுக்காக ஒரு வருடம் கட்டிய 15,000 ரூபாயை 7 சதவீத வட்டியில் போட்டிருந்தால் 58 வயதில் 1,40,000 ஆகியிருக்கும். அசலைத் தொடாமல் மாதம் 800 ரூபாய் வட்டி வரும். பென்ஷன் திட்டம் அதற்கு 214 தருகிறது. அதே 15,000-ஐ 56 வயதில் கட்டினால், இரண்டு வருடத்தில் 17,000 ஆகும். அதன் வட்டி மாதம் 100 ரூபாய். பென்ஷன் திட்டம் அதற்கும் 214 தருகிறது. அதாவது சின்ன வயதில் கட்டுபவர்களுக்கு இந்தத் திட்டம் குறைவாகக் கொடுக்கிறது, 58-ஐ நெருங்கியவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில், 45-ஐ ஒட்டி, தராசு சமமாக நிற்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு வருடமும் பென்ஷன் பக்கம் சாய்கிறது. நீங்கள் சரியாக அந்த இடத்தில் நிற்கிறீர்கள், அம்மிணி. இத்தனை வருடம் கட்டிவிட்டு, திட்டம் உங்களுக்கு நன்மை செய்யத் தொடங்கும் நேரத்தில் வெளியே வரப் பார்க்கிறீர்கள்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு 46 வயதில் மறுபடி வேலைக்குப் போகிறீர்கள், 58 வரை 12 வருடம் வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய சர்வீஸை விடாமல் வைத்திருந்தால் மொத்தம் 20 வருடம் 4 மாதம். 20 வருடம் முடித்தவர்களுக்கு இரண்டு வருடம் போனஸாகச் சேர்ப்பார்கள். ஆக 22. 15,000-ஐ 22-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 4,714 ரூபாய். இப்போது எடுத்துவிட்டு அதே 12 வருடம் வேலை பார்த்தால்? எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 12 வருடம் மட்டும், போனஸ் கிடையாது. மாதம் 2,571. வித்தியாசம் மாதம் 2,143, வருடத்துக்கு 25,700-க்கு மேல், ஆயுள் உள்ளவரை. இன்றைக்கு வாங்கும் 1,23,000-க்கு விலை அதுதான். பென்ஷன் வரத் தொடங்கி ஐந்து வருடத்துக்குள் அந்தத் தொகையைத் தாண்டிவிடும்.

அந்த 1,23,000-ஐ 13 வருடம் 7 சதவீதத்தில் விட்டால் ஏறக்குறைய 2,96,000 ஆகும், மாத வட்டி 1,700-க்குக் கொஞ்சம் மேல், அசலும் கையில் இருக்கும் என்று வீட்டுக்காரர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் சொல்வது வட்டியில் போடுவது பற்றி அல்ல, நகையை மீட்பது பற்றி. பதிமூன்று வருடம் தொடாமல் வைக்கப்போகும் பணம் அல்ல அது. நான் பார்த்த வரையில், பென்ஷன் பணத்தை எடுத்து அதை அப்படியே டெபாசிட்டில் போட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இன்னொரு சிக்கல் உங்களுக்கென்றே இருக்கிறது, இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 2014 செப்டம்பருக்குப் பிறகு, புதிதாகச் சேரும்போதே சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தால் பென்ஷன் திட்டத்தில் சேர முடியாது. பழைய உறுப்பினராகத் தொடர்பவருக்கு அந்தத் தடை இல்லை. நீங்கள் பணத்தை எடுத்துவிட்டால் பழைய உறுப்பினர் என்ற தகுதி போய்விடும். நாளைக்கு வேறு கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேரும்போது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 16,000 என்று போட்டால், பென்ஷன் கதவு மூடியாயிற்று. அப்படி ஆனால் முதலாளி போடும் 12 சதவீதமும் பி.எஃப். கணக்குக்கே வரும், அந்த 1,250 வீணாகாது. 12 வருடத்தில் வட்டியோடு 3 லட்சம் வரை சேரும். முழு நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கையில் ஒரே தொகையாக வரும் பணம். கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கத் தோன்றும் வயதில் வரும். மாதா மாதம் உங்கள் கணக்கில் வந்து விழும் பணமும் அதுவும் ஒன்றல்ல.

10 வருடம் என்ற கோடு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 10 வருடம் முடிந்தால்தான் பென்ஷன். முடிந்த பிறகு 58 வரை வேலை பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலையை விட்டு வீட்டில் இருந்தாலும் 58-இல் வரும். வேண்டுமானால் 50-க்கு மேல், வருடத்துக்கு 4 சதவீதம் வெட்டோடு முன்பாகவும் வாங்கலாம். 60 வரை தள்ளிப் போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும். அதோடு குடும்பம் இருக்கிறது. வேலையில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே கணவனுக்கோ மனைவிக்கோ பென்ஷன் உண்டு. 25 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கும் உண்டு. ஆனால் வேலையை விட்டு வீட்டில் இருக்கும்போது, 10 வருடம் முடித்தவரின் குடும்பத்துக்குத்தான் அந்த உரிமை உறுதியாக நிற்கிறது. பெண் உறுப்பினருக்கும் இது பொருந்தும். உங்களுக்குப் பிறகு உங்கள் வீட்டுக்காரருக்குப் பாதி பென்ஷன் வரும். இதை அவரிடம் சொல்லுங்கள். பலருக்கு இது தெரியவே தெரியாது.

உங்களுக்கு 10 வருடத்துக்கு இன்னும் எவ்வளவு வேண்டும்? ஒரு வருடம் 8 மாதம் என்று நினைத்திருப்பீர்கள். அவ்வளவு வேண்டாம். ஆறு மாதமும் அதற்கு மேலும் ஒரு வருடமாகக் கணக்கிடப்படும். 9 வருடம் 6 மாதம் ஆனால் 10 வருடம் ஆனதாகவே பொருள். ஆக 14 மாதம் போதும். இந்த 14 மாதத்தை இப்போதே முடிக்க வேண்டியதில்லை. அடுத்த வருடமோ, மாமியார் தேறிய பிறகோ, 58-க்குள் எப்போது வேண்டுமானாலும், எந்த ஊரில் எந்த கம்பெனியிலும் முடிக்கலாம். பி.எஃப். பிடிக்கும் இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பென்ஷனுக்குப் பார்ப்பது கடைசி 60 மாத சராசரி. அந்த 14 மாதத்தை 10,000 சம்பளத்தில் முடித்தால் சராசரி 13,833 ஆக இறங்கும், 10 வருடத்துக்குப் பென்ஷன் 2,143-க்குப் பதில் 1,976 ஆகும். பெரிய குறைவில்லை. அதே குறைந்த சம்பளத்தில் ஐந்து வருடம் ஓட்டினால்தான் பழைய 15,000 முழுவதும் சராசரியிலிருந்து மறைந்துவிடும்.

வேலைக்குச் சேரும் இடத்தில் பி.எஃப். உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் கட்டாயம் உண்டு, கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்தாலும் உண்டு. பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள்; எந்த கம்பெனிக்குப் போனாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண் அது. புது எண் போட்டுவிடுகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஆளுக்கு இரண்டு எண் விழுந்தால், பின்னால் சேர்ப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

அப்புறம் ஒரு கேள்வி. கல்யாணத்துக்கு முன்னால் எங்காவது மில்லிலோ கம்பெனியிலோ வேலை பார்த்தீர்களா? இதை நான் எல்லாப் பெண்களிடமும் கேட்பேன். யு.ஏ.என். வந்ததே 2014-இல்தான். அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி பி.எஃப். நம்பர். பல பெண்களுக்கு அந்தப் பழைய நம்பர் ஞாபகமே இருக்காது. எங்கள் பேக்கிங் பிரிவில் ஒரு அம்மா, 7 வருட சர்வீஸ், பணத்தை எடுக்க வேண்டும் என்று வந்தார். பேச்சுவாக்கில், 19 வயதில் ஊர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் நான்கு வருடம் இருந்தேன் என்றார். பணம் எடுத்தீர்களா என்றேன். அப்பா இறந்துபோனார், யார் போய் எடுப்பது என்றார். மறுநாள் ஒரு தகரப் பெட்டியிலிருந்து பழைய சம்பளச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். நான்காக மடித்து மடித்து, மடிப்பில் எழுத்தே அழிந்திருந்தது, நல்லவேளை பி.எஃப். நம்பர் மடிப்பில் விழவில்லை. ஆபீஸுக்கு நான்கு நடை நடந்தோம். அந்த நான்கு வருடம் சேர்ந்ததும் 11 வருடமானது. பணமாக எடுக்கவே முடியாது என்று ஆகிவிட்டது அவருக்கு. அன்றைக்கு முகம் வாடித்தான் போனார். இப்போது அவருக்கு மாதா மாதம் பென்ஷன் வருகிறது.

அதற்கு நேர்மாறாக இன்னொருவர். கோன் வைண்டிங்கில் இருந்தவர், என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மொத்தம் 19 வருடம் மில் வேலை. முதல் ஆறு வருடத்துப் பணத்தைக் கல்யாணத்தின்போது எடுத்தார். அடுத்த ஐந்து வருடத்தை, மகளுக்குக் காது குத்தும்போது. கடைசி எட்டு வருடத்தை வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டபோது. அந்தக் கடைசி ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான்தான். அப்போது எனக்கும் இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கேட்டார், எழுதிக் கொடுத்தேன். 58 வயதில் வந்து, எனக்கு பென்ஷன் ஏதும் உண்டா தம்பி என்று கேட்டார். அந்த 19 வருடத்தில் இடையில் எடுக்காமல் விட்டிருந்தால் குறைந்தபட்சம் 1,000 ரூபாயாவது மாதா மாதம் வந்திருக்கும். பெரிய பணம் இல்லைதான். ஆனால் அவர் மருந்துக் கடைக்குப் போக மருமகளிடம் கேட்க வேண்டியிருந்தது. அந்த அக்காவை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, நகைக்கு என்ன செய்வது? உங்கள் பாஸ்புக்கில் மேலே பாருங்கள். உங்கள் பங்கு 12 சதவீதமும் முதலாளியின் 3.67 சதவீதமும் சேர்ந்து மாதம் 2,350 வரை போயிருக்கும். நூறு மாதத்தில் வட்டியோடு 3 லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். அதிலிருந்து 80,000-ஐ எடுத்து நகையை மீட்டுவிடுங்கள். ஐந்து வருட சர்வீஸ் தாண்டிவிட்டதால் வரிப் பிடித்தமும் இருக்காது. மீதியை அங்கேயே விட்டால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். பி.எஃப். பணத்தை எடுப்பதும் பென்ஷன் பணத்தை எடுப்பதும் தனித்தனி முடிவு. ஒன்றை எடுத்தால் மற்றதையும் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தவறு நடப்பதே இந்த இடத்தில்தான். பிரவுசிங் சென்டருக்குப் போவீர்கள். அங்கே இருக்கும் பையன் பி.எஃப். எடுக்கணுமா என்பான். ஆமாம் என்பீர்கள். அவன் 19-ஆம் படிவத்தையும் போட்டு, கையோடு 10சி-யையும் போட்டுவிடுவான். அவன் கெட்டவன் இல்லை, வருகிறவர்கள் எல்லாம் இரண்டையும்தான் கேட்கிறார்கள். உங்கள் போனுக்கு வரும் ஓ.டி.பி.-யைச் சொல்வதற்கு முன், திரையில் எந்தப் படிவம் இருக்கிறது என்று பாருங்கள். 10சி என்றால் சொல்லாதீர்கள். 19 என்பது பி.எஃப். முழுவதையும் முடித்துக்கொள்வது, உங்களுக்குத் தேவையானது அட்வான்ஸாக ஒரு பகுதி மட்டும், அதற்கு 31-ஆம் படிவம்.

இன்னொன்று. 2025 அக்டோபர் 13-ஆம் தேதி பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு கூடி விதிகளை மாற்ற முடிவெடுத்தது. வேலையை விட்டு 2 மாதம் கழித்துப் பென்ஷன் பணத்தை எடுக்கலாம் என்று இருந்ததை 36 மாதமாக ஆக்குவது அதில் ஒன்று. பி.எஃப்.-ஐ முழுவதும் முடித்துக்கொள்ளக் காத்திருக்கும் காலத்தை 2 மாதத்திலிருந்து 12 மாதமாகவும் முடிவு செய்தார்கள். அதுவரை 25 சதவீதம் கணக்கில் இருக்க வேண்டும், மீதியை எடுக்கலாம். இதைக் கேட்டதும், சட்டம் மாறுவதற்குள் எடுத்துவிடு என்று பலர் அவசரப்படுத்துவார்கள். உங்களைப் பொறுத்தவரை அந்த 36 மாதம் ஒரு தடையே இல்லை. நான் சொல்லும் 14 மாத வேலைக்கு அது நல்ல அவகாசம்.

எடுக்கவில்லை என்றால் என்ன செய்து வைக்க வேண்டும்? வேறு வேலையில் சேர்ந்தால் பழைய கணக்கைப் புதியதற்கு டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள், சர்வீஸும் சேர்ந்துவிடும். கொஞ்ச காலம் வேலைக்குப் போகப் போவதில்லை என்றால், அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாக ஸ்கீம் சர்டிஃபிகேட் கேட்டு வாங்கி வைக்கலாம். எத்தனை வருடம், என்ன சம்பளம், குடும்பத்தில் யார் யார் என்று எல்லாம் அதில் இருக்கும். அதை ரேஷன் கார்டு வைக்கும் கவரிலேயே வையுங்கள்.

அதற்கு முன் பி.எஃப். இணையதளமான யு.ஏ.என். போர்ட்டலில் சர்வீஸ் விவரத்தைப் பாருங்கள். வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா? சேர்ந்த தேதி சரியா? சம்பளம் இல்லாமல் போட்ட லீவு நாட்கள் சர்வீஸிலிருந்து கழியும். அதனால் உங்கள் 8 வருடம் 4 மாதம், அவர்கள் கணக்கில் 8 வருடம் ஒரு மாதமாக இருக்கலாம். அப்படியானால் 14 மாதம் 17 மாதமாகும். முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 9 வருடம் 5 மாதத்தில் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, யார் எடுக்கலாம் என்பதையும் சொல்லாவிட்டால் பதில் ஒருபக்கமாகிவிடும். டி.என்.பி.எஸ்.சி. எழுதி அரசு வேலைக்குப் போகிறவர் எடுக்கலாம். அங்கே இந்தத் திட்டம் இல்லை, சர்வீஸ் வளரப் போவதில்லை. வெளிநாட்டிலேயே தங்கிவிடப் போகிறவரும் அப்படித்தான். சொந்தமாகக் கடை வைத்து, இனி யாரிடமும் வேலைக்குப் போவதில்லை என்று உறுதியாக இருப்பவர் 10 வருடத்தைத் தொடவே போவதில்லை. அவர் வட்டியில்லாத இடத்தில் பணத்தை விட்டுவைப்பதில் பொருளில்லை. 58 வரை காத்திருந்தாலும் அதே மடங்குதான் கிடைக்கும், ஒரு ரூபாய் கூடாது.

25 வயதுப் பெண், நான்கு வருட சர்வீஸ், எடுத்துத் தன் பெயரில் பி.பி.எஃப்.-இல் (போஸ்ட் ஆபீஸிலோ பேங்கிலோ தொடங்கும் நீண்டகாலச் சேமிப்புக் கணக்கு) போட்டுவிட்டுத் தொடவே மாட்டேன் என்கிறாள் என்றால், கணக்குப்படி அவள் சொல்வது சரி. அவளுக்கு முன்னால் இன்னும் 33 வருடம் இருக்கிறது, 10 வருடத்தை இரண்டு முறை முடித்துவிடலாம். அவளிடம் ஒன்று மட்டும் கேட்பேன்: பி.பி.எஃப். கணக்கு திறந்தாயிற்றா? திறந்து எண்ணைக் காட்டினால் எடு என்பேன். அப்புறம் திறக்கிறேன் என்றால் எடுக்காதே என்பேன்.

இந்தத் திட்டத்தை நான் உயர்த்திப் பேசுவதாக நினைக்க வேண்டாம். குறைந்தபட்ச பென்ஷன் 2014-இல் 1,000 என்று வைத்தார்கள், அதற்குப் பிறகு அப்படியே நிற்கிறது. விலைவாசி ஏறினாலும் பென்ஷன் ஏறாது, பஞ்சப்படி கிடையாது. 7,500 வேண்டும் என்று வயதானவர்கள் தெருவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் கேட்பது முழு நியாயம். உச்சவரம்பை உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பி உட்கார முடியாது. 2014-இல் 6,500-ஐ 15,000 ஆக்கியபோது, அதற்கு முந்தைய சர்வீஸை 6,500 கணக்கிலேயே பிரித்துப் போட்டார்கள். அதனால்தான் நான் காட்டிய கணக்கு எதிலும் இன்றைய 15,000-ஐத் தாண்டவில்லை. இருக்கிற விதியிலேயே, உங்கள் வயதுக்கு, வைத்திருப்பதுதான் லாபமாக நிற்கிறது.

இவ்வளவும் நிற்பது ஒரே ஒரு கேள்வியின் மேல்: 58-க்குள் பி.எஃப். பிடிக்கும் இடத்தில் இன்னும் 14 மாதம் உங்களால் வேலை பார்க்க முடியுமா? உடம்பு இடம் கொடுக்காது, வீட்டுச் சூழ்நிலையும் விடாது, நிச்சயமாக முடியாது என்று நீங்களே உணர்ந்தால் நான் சொன்னது பொருந்தாது. அப்போது எடுத்து, உங்கள் பெயரிலேயே போஸ்ட் ஆபீஸில் போடுங்கள். முடியும் என்று கொஞ்சம் நம்பிக்கை இருந்தாலும் எடுக்காதீர்கள். திருப்பூரில் செக்கிங் தெரிந்த சூப்பர்வைசருக்கு வேலை கிடைக்காமல் போகாது.

முதல் காரியமாக யு.ஏ.என். போர்ட்டலில் நுழைந்து சர்வீஸ் விவரத்தைப் பாருங்கள். வேலையை விட்ட தேதி ஏறவில்லை என்றால் பழைய கம்பெனியின் டைம் ஆபீஸுக்கு நேரில் போய்க் கேளுங்கள். போகும்போது கடைசி மாதச் சம்பளச் சீட்டும் ஆதார் நகலும் கையில் இருக்கட்டும். பெயரிலோ பிறந்த தேதியிலோ எழுத்துப் பிழை இருந்தால் அதையும் அப்போதே சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்த சீட்டு ஏதாவது வீட்டில் கிடைத்தால், அதைப் பார்த்த பிறகு இன்னொரு முறை எழுதுங்கள். கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்போம்.